ஈரி ஏரிக்கரைக்குப் போன சனிக்கிழமை

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் இருக்கையின் வாடையோடு மட்டன் ரோல்ஸின் மிளகு வாசனையும் கலந்தால், எனக்கு வாடகைக்கு எடுத்த மஞ்சள் "ஸ்கூல் பஸ்" ஒன்று நினைவுக்கு வரும். அது ஓகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை. எனக்கு அன்று பத்து வயதும் நான்கு மாதங்களும்.

அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட் என்ற புறநகர்ப் பகுதியில் பலமாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் பிள்ளைகளான நாங்கள்தான் வாசித்துச் சொல்வோம். அந்த ஜூலையில் நூலக வாசலில் இலவசமாகக் கிடந்த தாள் ஒன்றை நான் எடுத்துவந்தேன். தெற்கே, ஈரி ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர் ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்காக வெளியிட்ட செய்தித்தாள் அது: வெள்ளி மாலை மீன்பொரியல் விருந்து, சனி காலை பாண்ட் வாத்திய ஊர்வலம், பின்னேரம் மணல்வீட்டுப் போட்டி, இருட்டியதும் வாணவேடிக்கை.

ஒவ்வொரு கோடையிலும் பஸ் பிடித்து எங்களைக் கூட்டிப்போகும் ஐந்தாம் மாடி சிவம் அங்கிளுக்கு அது பிடித்துவிட்டது. "நயாகராவை எத்தினை தரம் பாக்கிறது? அது விழுந்துகொண்டுதான் இருக்கும். உந்தத் தாளைத் தமிழில எழுதித் தா பிள்ளை, லிஃப்ட் வாசலில ஒட்டுவம்" என்றார்.

நாள், நேரம் பிசகாமல் நிறப் பேனைகளால் எழுதினேன். தாளின் அடியில், கட்டத்துக்குள் இரண்டு வரிகள் இருந்தன: ஏரிக்குள் நீளும் கல்லணைப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், அங்கே எவரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. எனக்கு அது நன்றாக விளங்கியது. அதை எழுதினால் அம்மா என்னைப் போக விடமாட்டா என்பதும் விளங்கியது. அந்த இடத்தில் ஒரு சூரியனைக் கீறினேன்.

ஊர்வலத்துக்காகத் தெருவை மறித்திருந்தபடியால் பஸ் கார்த் தரிப்பிடத்துக்குப் போகாமல் எங்களைச் சந்தியிலேயே இறக்கிவிட்டது. பின்னேரம் நான் மணலில் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தபோது, சிவம் அங்கிள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லணைப் பக்கமாகப் போனார்.

"கடலில நீந்தினவனுக்கு உது கிணறு!" என்று கத்தினார்.

"கிணத்துக்கயும் ஆக்கள் விழுறவை. முழங்காலளவில நில்லுங்கோ!" என்றா அவருடைய மனைவி ராணி அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய உடலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது ஆறரை மணி. வாணவேடிக்கையை நிறுத்திவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகை கார்த் தரிப்பிடத்தில் இருந்ததாகவும், நிகழ்ச்சித் தாளிலும் அது போட்டிருந்ததாகவும் போலீஸ்காரர் சொன்னதை யாரோ அன்ரிக்கு மொழிபெயர்த்தார்கள். ஞாயிறு காலை, எவரும் எழும்புமுன், லிஃப்ட் வாசலில் இருந்த என் தாளைக் கிழித்தெடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தார் பஸ் பிடித்து எங்கும் போகவில்லை. இன்று அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பமும் இல்லை. பலர் கிழக்கே அஜக்ஸ் என்ற ஊரில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அந்த ஏரிக்கரை ஊர் இப்போது தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் போடுகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் அதை வாசிக்கிறேன். மணல்வீட்டுப் போட்டி மட்டும் அதில் இல்லை.

போன மாதம் அஜக்ஸில் ராணி அன்ரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் எப்பிடியும் இறங்கியிருப்பார்" என்று அவ சொல்லுவா என எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அன்ரி சொன்னா: "அப்ப எங்கட அகதிக் கேஸ் முடியேல்லை. ஒரு பிழை விட்டாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு அவருக்குப் பயம். புல்லில நடக்கக்கூடாது எண்டு ஆரும் சொன்னாலே காணும், சுத்திப் போற மனுசன். நீ எழுதியிருந்தா இறங்கியிருக்கமாட்டார், பிள்ளை."

நான் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டேன். அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"படியில ஐஸ் கிடக்கு" என்றா. "பாத்து இறங்கு."