ஒரு மணி இருபது நிமிஷம்

வடதுருவத்துக்குப் பக்கத்தில், ரெசல்யூட்டிலிருந்து எங்கள் ஊர் கிரீஸ் ஃபியோர்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஊலாயு கிலோமீட்டரில் சொல்ல மாட்டாள். "காத்து சும்மா இருந்தா ஒரு மணி இருபது நிமிஷம். அதுக்குக் கிறுக்குப் பிடிச்சா அடுத்த வாரம்" என்பாள். கிரீஸ் ஃபியோர்டு விமான நிலையத்து வானொலி அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். காற்றின் வேகத்தை அவள் சொல்லாமல், மலையடியில் கிடக்கும் அந்தக் குட்டி ஓடுபாதையில் இறங்க எந்த விமானிக்கும் துணிச்சல் வராது.

அந்த ஏப்ரல் காலையில் அவளுடைய அக்கா முக்பாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஊரில் இருப்பது நர்ஸ் மட்டும்தான்; அறுவை சிகிச்சைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். விமானம் ரெசல்யூட்டில் கிளம்பியபோது இங்கே மலைக்காற்று பேயாட்டம் ஆடியது. அங்கேயோ மூடுபனி நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம் பாப்பேன்க்கா. அதுக்குள்ள அங்க காத்து அடங்கலேன்னா திரும்பிடுவேன். அதுக்கு மேல போனா ரெண்டு பக்கமும் இறங்க முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான் சகையாசி.

அவன் அவளுடைய சித்தி மகன். மற்ற விமானிகள் எல்லாம் தெற்கத்திக்காரர்கள், அவர்களோடு ஆங்கிலம்தான். இவன் ஒருவன்தான் எங்கள் பாஷையில் பேசுவான்.

முப்பத்தெட்டாவது நிமிஷம் காற்று விழுந்தது. ஊலாயு காற்றின் வேகம் காட்டும் முள்ளையே பார்த்தாள். பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு. இறங்கலாம். தொலைபேசியில் நர்ஸ், "ரத்த அழுத்தம் இறங்குதும்மா, சீக்கிரம்" என்றாள். அதே நேரம் வானொலி கரகரத்தது.

"காத்து அடங்கிடுச்சாக்கா?"

ஊலாயு புருவத்தை உயர்த்தினாள்.

"அக்கா? இறங்கலாமா?"

நன்றாகவே உயர்த்தினாள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு வாய் எதற்கு? புருவம் போதும். வீட்டுப் பாஷையில் கேட்டான், வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்.

"பதிலே இல்ல. சரி, திரும்புறேன்."

அவள் பாய்ந்து பொத்தானை அமுக்கினாள். "டேய், ஆமாடா! பன்னெண்டுதான்! வாடா!" வெறும் கரகரப்பு. மறுபடியும் கத்தினாள். அக்காவைத் தன் முகமே கொன்றுவிட்டது என்று நினைத்து அழுகையும் ஆத்திரமுமாக மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

"கேக்குதுக்கா, கத்தாத. பாதி திரும்பிட்டேன். ஏன் வாயத் தொறக்கல?"

"புருவத்தத் தூக்கினேன்டா..."

"கடவுளே! வர்றேன், இரு."

அடுத்த நாற்பது நிமிஷமும் அவள் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்றைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பதினான்கு, பதினாறு, பதினைந்து. சக்கரம் பனியைத் தொட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ஸ்ட்ரெச்சரை விமானத்தில் ஏற்றும்போது முக்பா கண்ணை மூடியபடியே தங்கையின் கையைத் துழாவிப் பிடித்தாள்.

"பொழச்சு வந்துருவேனாடி?"

ஊலாயுவின் புருவம் தன்னால் உயர்ந்தது. சட்டென்று குனிந்து, அக்காவின் காதோடு வாயை வைத்து, எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"ஆமாக்கா! ஆமா!"