பொட்டு வைத்த லப்டொப்

லப்டொப் விற்கிற கடையில் நிற்பவருக்கு முதலில் வேண்டியது கொம்பியூட்டர் அறிவு இல்லை, ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டாலும் இப்போதுதான் முதல்தரம் கேட்பதுபோல முகத்தை வைத்திருக்கிற பொறுமைதான். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் உளைந்த எல்லோரும் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

கொக்குவில் ரயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட என் மருமகள் தர்சினி நடத்துகிற கடை அது. என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, காலையில் கடைச் சாமிப்படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்ற மட்டும் போய்வந்தேன். ஒருநாள் தர்சினி சாமான் எடுக்க ரவுனுக்குப் போகவேண்டி வந்தது. அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவள் இன்னும் எழும்பவில்லை.

நான் படித்தது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான், அதிலும் கணக்கில் முட்டுப்பட்டவள். தர்சினி எனக்கு மூன்று விசயம் சொல்லித் தந்தாள். புரொசெசர் என்றால் எவ்வளவு கெதியாய் வேலை செய்யும் என்பது. பிராண்ட் என்றால் ஆர் செய்தது என்பது. பற்றரி என்றால் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. குறைந்த விலையில் மூன்றும் சேர்ந்து வராது, ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். இதைத் தேவாரம்போலப் பாடமாக்கிக்கொண்டேன்.

உங்கடை பிள்ளை எண்டால்

புத்தூரில் இருந்து யோகம் என்பவள் தன் மகள் துளசியோடு வந்தாள். வெங்காயத் தோட்டம் செய்கிறவள். புருசன் இல்லை, இருப்பது இந்த ஒரு பிள்ளை. துளசி கணக்கியல் படித்து முடித்திருந்தாள். வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதுகிற வேலை ஒன்றுக்கு முன்னமே போனில் நேர்முகம் நடந்ததாம். பாதிக் கேள்வியில் போன் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட, அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இப்போது இன்னொரு கொழும்புக் கொம்பனி, அதேபோல வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கு, வருகிற மாதம் வீடியோவில் நேர்முகம் என்று அறிவித்திருந்தது. இதுவும் தவறினால் துளசி கொழும்புக்குப் போய் அறை எடுத்துத்தான் வேலை தேடவேண்டும். "பிறகு வீட்டிலை நானும் நாயும்தான்" என்றாள் யோகம், சிரித்துக்கொண்டு. சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

வெங்காயம் விற்ற காசில் ஒன்றுதான் வாங்கலாம். தெரிவு பிழைத்தால் மாற்ற வழியில்லை. நான் மூன்று விசயத்தையும் ஒழுங்காய்ச் சொன்னேன். யோகம் கடைசிவரை கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "அதெல்லாம் சரி அக்கா. உங்கடை பிள்ளை எண்டால் எதை வாங்கிக் குடுப்பியள்?"

நான் வாய் திறக்க முதல், பின்மேசையில் ஆணி கழற்றிக்கொண்டிருந்த தர்சினி தலை நிமிராமல் சொன்னாள்: "மாமி, என்னத்துக்கும் பதில் சொல்லுங்கோ, உந்தக் கேள்விக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

போர்வைக்குள் இருந்து பிராண்ட்

எங்கள் பக்கத்தில் லப்டொப் வாங்க வருகிறவர்கள் வெறும் தூதர்கள். தெரிவு செய்பவர் கனடாவிலோ லண்டனிலோ போர்வைக்குள் இருப்பார். அடுத்தமுறை வந்தபோது யோகமும் கனடாவில் இருக்கிற தன் அண்ணையை வட்ஸ்அப் வீடியோவில் எடுத்தாள். எங்களுக்குக் காலை, அவருக்கு நடுச்சாமம். தலைக்குத் தொப்பியும் கழுத்துவரை போர்வையுமாய் இருந்துகொண்டு, "பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டு, மூடியைத் திற, கொஞ்சம் தட்டிப் பார்" என்று மாடு வாங்குவதுபோல ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். தான் வைத்திருக்கிற பிராண்டைத் தவிர வேறு எதையும் வாங்கக்கூடாது என்பது அவரின் முடிவு.

தர்சினி போனை வாங்கி, அந்தப் பிராண்ட் இந்த விலைக்கு வந்தால் உள்ளே பற்றரி சின்னதாய் இருக்கும் என்று ஆறுதலாய் விளங்கப்படுத்தினாள். அவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை சொல்வது ஏறுகிறது என்று நான் நினைத்தேன். தர்சினி முடித்ததும் அவர் போர்வையை விலக்கி எழும்பி உட்கார்ந்து கேட்டார்: "பிராண்ட் கிடக்கட்டும் பிள்ளை, உம்மடை முகவெட்டைப் பாத்தால் எங்கடை ஆக்கள் மாதிரிக் கிடக்கு, அப்பாவின்ரை ஊர் அச்சுவேலியோ?"

புதன்கிழமை மாஸ்ரர்

தபால் கந்தோரில் மாஸ்ரராய் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் கடைக்குப் புதன்கிழமை தவறாமல் வருவார். அந்த நாள் ஏன் என்று தெரியாது, கேட்டதும் இல்லை. ஒவ்வொரு லப்டொப்பிலும் ஒவ்வொரு எழுத்தாய் அமத்திப் பார்ப்பார். புரொசெசரைக் கேட்பார், பிராண்டைக் கேட்பார், பற்றரியைக் கேட்பார். நான் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்டு, "நல்லது" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மழையோ வெயிலோ குடை உண்டு. வாங்கியது மட்டும் கிடையாது.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல், "மாஸ்ரர், போன வருசமும் இதையேதானே பாத்தனீங்கள், அப்பவே எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் எனக்காக இரங்குவதுபோலப் பார்த்தார். "தங்கச்சி, போன வருசம் எடுத்திருந்தால் அது இப்ப பழசாய்ப் போயிருக்கும்."

எட்டு ஆகாது

இன்னொருவர் கொழும்பில் படிக்கிற மகனுக்கு வாங்க வந்தார். புரொசெசர் பிடித்தது, பிராண்ட் பிடித்தது, விலையும் பிடித்தது. அதன் நினைவகம் எட்டு ஜீபி என்று சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். எட்டு சனியின் எண்ணாம். மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். "ஏழு இல்லையோ? ஒம்பது எண்டாலும் பரவாயில்லை" என்றார். அப்படி ஒன்று உலகத்தில் ஒருவரும் செய்வதில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறவள் நான், அவரின் பயம் எனக்கும் கொஞ்சம் தொற்றிவிட்டது.

தர்சினி வந்து அந்த லப்டொப்பை ஓன் பண்ணி, பாவிக்கக்கூடிய அளவு என்று அது தானாகக் காட்டுகிற கணக்கைத் திறந்து காட்டினாள். ஏழு தசம் ஏழு என்று கிடந்தது. அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். பிறகு பையைத் திறந்துகொண்டே சொன்னார்: "அப்ப சரி, ஏழரையைத் தாண்டிட்டுது."

அடுப்படிக் காவல்

யோகம் மூன்றாம்முறை தனியாக வந்தாள், சோற்றுப் பார்சலோடு. மூன்று லப்டொப்பைத் தெரிவு செய்து வைத்திருந்தாள். கெதியான புரொசெசர் போட்டது ஒன்று. அண்ணையின் பிராண்ட் ஒன்று. பேர் தெரியாத கொம்பனி, புரொசெசரும் மெதுவானது, பற்றரி மட்டும் பெரிது என்று தர்சினி சொன்னது மற்றது. மூன்றையும் முழுக்கச் சார்ஜ் பண்ணி, வயரைக் கழற்றி, ஒரே கோயில் திருவிழா வீடியோவை மூன்றிலும் ஓடவிடச் சொன்னாள். பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தாள். பால் பொங்குவதைப் பார்ப்பவள்போலக் கண் எடுக்கவில்லை. இடைக்கிடை உதடு அசைந்தது. என்ன பதிகம் என்று கேட்க ஆசை, கேட்கவில்லை.

மத்தியானம் வரமுதல் அண்ணையின் பிராண்ட் கண்ணை மூடியது. அவள் பார்சலைப் பிரித்து, எனக்கும் ஒரு கைப்பிடி தந்து, திரும்பவும் இருந்தாள். கெதியானது நன்றாய்ச் சுட்டது, பிறகு அதுவும் படுத்தது. பேர் தெரியாத கொம்பனியில் மட்டும் பொழுதுபடச் சாமி இன்னும் வீதி சுற்றிக்கொண்டிருந்தது. "மெதுவானது பிள்ளை, பிறகு குறை சொல்லக்கூடாது" என்றேன். "எங்கடை ஒழுங்கையிலை காத்தடிச்சாலே கரண்ட் போயிடும் அக்கா. கெதியா ஓடி என்ன செய்ய? பிள்ளை பதில் சொல்லேக்கை நிண்டுபோகாமல் இருந்தால் போதும்."

நெற்றிக்கு நேரே

நேர்முகம் ஒரு புதன்கிழமை காலை. கடை திறந்து நான் விளக்கேற்றிக்கொண்டிருக்க, ஓட்டோவில் இருந்து தாயும் மகளும் அந்தப் பேர் தெரியாத கொம்பனி லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார்கள். கமரா வேலை செய்யவில்லை. முந்தநாள்வரை நன்றாய் இருந்ததாம். விடிய எழும்பிப் பார்த்தால் முகம் தெரியவேண்டிய இடம் முழுக்க இருட்டு. துளசி மூடியைத் திறந்து தர்சினியிடம் நீட்டினாள்.

தர்சினி எதையெதையோ அழித்தாள், திரும்ப ஏற்றினாள், நிற்பாட்டிப் போட்டாள். இருட்டு அசையவில்லை. நான் சாமிப்படத்தைப் பார்த்தேன், லப்டொப்பைப் பார்த்தேன். திரையின் மேல்விளிம்பின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் அழகாய் இருந்தன. முதல்நாள் பின்னேரம் பிள்ளையார் கோயிலில் வைத்து அருச்சனை செய்தபோது ஐயர் வைத்துவிட்டதாம். தர்சினி அதைக் கண்டாள், துளசி கண்டாள். நான் கண்டு கும்பிட்டும் விட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற ஒன்றின் நெற்றியில் பொட்டு இருப்பதில் எங்களில் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அன்றைக்கும் எழுத்துகளை அமத்திப் பார்க்க வந்திருந்த தபால் மாஸ்ரர், குடையை மடித்துக்கொண்டு எங்கள் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளையள், கண்ணிலை சந்தனத்தை அப்பிப்போட்டு, கண் தெரியேல்லை எண்டு அதைப் போட்டு அடிக்கிறியள்."

ரயில்

பொட்டைத் துடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. கடைசியில் நான்தான் விரலால் எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அழிக்கவில்லை, இடம் மாற்றினேன், பிள்ளையார் கோபிக்கமாட்டார். தர்சினி பஞ்சால் துடைத்ததும் துளசியின் முகம் பளிச்சென்று வந்தது. புத்தூருக்குத் திரும்ப நேரமில்லை. பின்மேசையை ஒதுக்கித் துளசியை அங்கேயே இருத்தினோம். மாஸ்ரர் வாசலில் நின்று, வந்தவர்களைக் குடையால் மறித்து அனுப்பினார். விற்கிற கடைக்கு வாங்காதவர் காவல்.

நேர்முகத்தின் பாதியில் கரண்ட் போனது. காற்றாடி நின்றது, கடை வைபையும் போனது. யோகம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். லப்டொப் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது. தர்சினி தன் போனில் இருந்து இன்ரர்நெற்றை அதற்குக் கொடுத்தாள். துளசி விட்ட இடத்தில் இருந்து பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாண ரயில் ஊதிக்கொண்டு போனது. கவுண்டர் கண்ணாடி முழுக்க அதிர்ந்தது. திரையில் கேள்வி கேட்ட கொம்பனி அம்மா பேச்சை நிறுத்தி, "உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுமா?" என்று கேட்டார். துளசி ஒளிக்கவில்லை. கமரா இருட்டானது, பொட்டு, கடை, கரண்ட் போனது, எல்லாம் சொன்னாள். யோகத்தின் உதடு திரும்பவும் அசையத் தொடங்கியது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது: "சரி, கரண்ட் போயும் நீங்கள் போகவில்லை, அடுத்த கேள்விக்கு வருவோம்."

மோதகம்

அடுத்த புதன்கிழமை யோகம் ஒரு பாத்திரம் நிறைய மோதகத்தோடு வந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் அவள் வாயால் கேட்கக் காத்திருந்தேன். மாஸ்ரர் ஒரு மோதகத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பேர் தெரியாத கொம்பனியில் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். தர்சினி பாய்ந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லா எழுத்தையும் அமத்திப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று குடையை எடுத்தார்.

யோகம் கதிரையில் இருந்தாள். அன்றைக்குக் காவல் இருந்த அதே கதிரை. "அண்ணை கனடாவிலை இருந்து துளைக்கிறார் அக்கா, புரொசெசர் நல்லதோ, பிராண்ட் நல்லதோ, பற்றரி நல்லதோ எண்டு, பிள்ளை வேலையும் கிடைச்சு வீட்டிலையே நிக்கிறாள் எண்டு மட்டும் சொன்னன்."

ஆனபடியால், குறைந்த விலையில் லப்டொப் தேடி வருகிறவர்களுக்கு இப்போது நான் மூன்று விசயத்தோடு நாலாவதையும் சேர்த்துச் சொல்கிறேன்: பொட்டை மூடியின் வெளிப்பக்கம் வையுங்கோ, அங்கேயும் பிள்ளையார் பார்ப்பார்.