ஜெனூபாவின் சீதனவீடு

கல்முனைக்குடி ஜெனூபா தொண்டையைச் செருமினால் கொழும்பில் ஏதாவது ஓர் அமைச்சின் கூரையிலிருந்து ஓடு கழன்று விழும். சரி, விழாது. அங்கே இப்போது ஓட்டுக்கூரையே இல்லையாம். ஆனால் அவள் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலும் பார்ப்பதற்கு ஒரு ஜீப் வந்து நிற்கும். அதில் மட்டும் மிகை இல்லை.

அவளுடைய காக்கா, மூத்த சகோதரர் அஸீம் தொண்ணூறாம் ஆண்டு மாவடிப்பள்ளிப் பக்கம் வேளாண்மை வெட்டப் போனவர். நெல் வீடு வந்து சேர்ந்தது, அவர் வரவில்லை. ஜெனூபா அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. மகனைத் தேடி ஏறாத படியெல்லாம் ஏறிவிட்டு உம்மா மௌத்தானார். அதன்பிறகு அந்தத் தேடும் வேலை மகளுக்கு வந்தது. உம்மாவின் நகை வராவிட்டாலும் இது வந்து சேர்ந்தது.

பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பின் அன்னப்பிள்ளையை அவள் சந்தித்தது காணாமல் போனோரை விசாரிக்கும் ஒரு குழுவின் வரிசையில். அன்னப்பிள்ளையின் மகனும் அதே வருடம் போனவன். வெயில் ஏறியது, வரிசை நகரவில்லை, இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள்.

"ஒங்கட ஆக்கள்தான் என்ட புள்ளயக் கொண்டு போனதெண்டு எங்கட ஊருக்குள்ள கதைக்காங்க" என்றார் அன்னப்பிள்ளை.

"ஒங்கட ஆக்கள்தான் காக்காவக் கொண்டு போனதெண்டு எங்கட ஊருக்குள்ளயும் கதைக்காங்க."

அன்னப்பிள்ளை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஊரு கதைக்கட்டும். நாம ரெண்டு பேரும் சேந்து கேப்பமா?"

தேடுவோர் சங்கம் பிறந்தது இப்படித்தான். முக்காடு போட்டவர்களும் பொட்டு வைத்தவர்களுமாக, மாதக் கடைசி வெள்ளியில், பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு வீதியோரத்தில் இருப்பார்கள். மடியில் ஒவ்வொருவர் படம். கோஷமில்லை, கூச்சலில்லை. இதுதான் மேலிடத்தாருக்குப் பிடிக்கவில்லை. கத்தினால் கலைக்கலாம், சும்மா இருப்பவர்களை என்ன செய்வது?

முதலில் சிவில் உடுப்பில் இருவர் வந்து, பதாகைத் துணி வாங்க எந்த நாடு காசு தந்தது என்று கேட்டார்கள். ஜெனூபாவின் பழைய படுக்கைவிரிப்பு அது. அடுத்து சங்கத்தின் வங்கிக்கணக்கு முடங்கியது. பிறகு சங்கத்துக்கு அறை வாடகைக்குத் தந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்: "தங்கச்சி, ஒங்களோட கோவமில்ல. எனக்கும் பஜாரில ஒரு கட இரிக்கி." கடைசியாக, வீதியோரத்தில் இருக்கக் கூடாதென்று நீதிமன்றத் தடை வந்தது.

"அப்ப என்ட வளவுக்குள்ள இரிப்பம். மதில் உசரமில்லதானே, போறவாற ஆக்களுக்குத் தெரியும்" என்றாள் ஜெனூபா. இந்த வளவும் போனால் பெண்கள் கலைந்துவிடுவார்கள். ஒருமுறை பயந்து வீட்டில் நின்றவர்கள் மறுமுறை வருவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கு முந்திய நாள் அவள் கணவன் முபாறக்கை விசாரணைக்கு அழைத்தார்கள். ஆட்டோ ஓட்டும் சாதுவான மனிதர். கோழி குறுக்கே போனால்கூட ஹோன் அடிக்காமல் காத்திருப்பவர். திரும்பி வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"என்னகா பாக்காய்? கையெழுத்து வெச்சிட்டன்."

"எதில?"

"என்ட வீட்டுலயும் வளவுலயும் ஒங்கட கூட்டம் நடக்க உடமாட்டனெண்டு. ஆட்டோ லைசன்சப் பத்திக் கதைச்சாங்க. நான் என்ன செய்ய?"

ஜெனூபா அகப்பையை இறக்கி வைத்தாள். கோபம் கண் வரை வந்துவிட்டது. வந்த கோபம் அங்கேயே நின்று யோசித்தது.

"ஒங்கட வீடு எங்க கிடக்கு?"

முபாறக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு சீதனமாகப் பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். முபாறக்கின் வாப்பா கட்டிய வீடு அவருடைய தங்கை றிஸ்னாவின் கலியாணத்தோடு அவளுக்குப் போயிற்று. உலகத்தில் முபாறக்குக்கென்று இருந்தவை ஆட்டோவும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான்.

"இத அவங்க கேக்கல்லயா?"

"கேக்கல்ல. வெளியூர் ஆக்கள். பயத்துல நானும் மறந்திட்டன்."

ஜெனூபா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூட்டைவிட்டு ஓடின. முபாறக் மெல்ல, "ஆணத்த ஊத்து" என்று குழம்புக்காகச் சோற்றுக்கோப்பையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை அஸர் பாங்கு சொன்னதும் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி வாசலில் நின்று கடதாசியை விரித்தார்.

"ஒங்க ஹஸ்பண்ட் சைன் பண்ணியிருக்கார். இங்க கூட்டம் நடத்த ஏலாது."

"ஓம் சேர், அவர் சொன்ன சொல்லு மாறமாட்டார். அவர்ர வீட்டுல கூட்டம் நடக்காது. அவருக்கு வீடே இல்ல. இது என்ட சீதனவீடு. காணி உறுதி என்ட பேர்ல இரிக்கி, எடுத்து வரட்டா?"

அதிகாரி முபாறக்கைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீங்க இங்க யாரு?"

"மாப்பிள்ள, சேர்" என்றார் முபாறக் பணிவாக. "இவ போகச் சொன்னா நான் போகணும். சங்கத்த எப்பிடி நான் போகச் சொல்லுற?"

அதிகாரி கடதாசியை இன்னொரு தடவை வாசித்தார். யாருக்கோ போன் எடுத்தார். கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஜீப் வீதியின் மறுகரைக்குப் போய் வேப்பமர நிழலில் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு கை, போனை நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கியது.

பெண்கள் வந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் வரவும் மனமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. அப்போது ஜெனூபா என்ன செய்தாள்? முக்காட்டை இழுத்துச் செருகினாள். காக்காவின் படத்தை நெஞ்சோடு அணைத்தாள். ஒரு சுல்தானைப் போல நடந்து போய், வளவுக்குள் ஜீப்புக்கு நேரெதிரே, முதல் ஆளாக உட்கார்ந்தாள். அந்த அஞ்சாமையைக் கண்டுதான் மற்றப் பெண்கள் எல்லாரும்—

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றாள், நான் எழுதிய இதையெல்லாம் வாசிக்கக் கேட்டபடி மீன் அரிந்துகொண்டிருந்த ஜெனூபா. "நான் எங்க முதல்ல இரிந்த? சேரோட அவ்வளவு வாய் காட்டிப்போட்டு, பயத்துல கதவுக்குப் பின்னால நிண்டன். அன்னப்பிள்ளையம்மாதான் தடிய ஊண்டிக்கிட்டு, ஜீப்புக்கு முன்னால நடந்து வந்து, மகன்ட படத்தோட வளவுக்குள்ள தனிய இரிந்தாங்க. பொறகுதான் நான் போன. மத்த ஆக்களும் வந்த. அப்பிடியே எழுதுங்க."