கருகல் வாடை எங்கிருந்து வந்தது

அந்தக் கருகல் வாடை என்னிடமிருந்து வந்தது. தங்கவேலின் மூக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

அபுதாபியின் ருவைஸில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதற்குள் வேலை எடுத்திருக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான் எழுத்தர். அனுமதிச் சீட்டுகளையும் சம்பவ அறிக்கைகளையும் தட்டச்சு செய்வது என் வேலை. தங்கவேல் அரியலூர்ப் பக்கத்துக்காரன். தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு மேலே இருக்கும் கட்டில் அவனுடையது. ஆலையில் அவன் ஃபயர் வாட்ச். வெல்டிங் நடக்கும்போது தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்க வேண்டும். பொறியோ புகையோ வாடையோ தென்பட்டால் கத்த வேண்டும். அந்த ஒரு கத்தலை நம்பித்தான் மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள்.

ஆலைக்குள் லைட்டர் கூடாது, கைப்பேசி கூடாது, வேப் என்கிற மின் சிகரெட் கூடவே கூடாது. பிடிபட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது; விசா ரத்து. எனக்குத் தெரியாதா? அந்த விதியைத் தமிழிலும் இந்தியிலும் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவனே நான்தான்.

அன்று காலை பத்து மணி, அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தேநீர் இடைவேளை. அலுவலகக் கேபினின் கழிப்பறைக்குள் இருந்தேன். காலுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்த வேப்பில் பழைய காயிலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். காயில் என்பது விரல் நுனி அளவு உலோகக் கூடு. உள்ளே சூடாகும் கம்பி, அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தில் ஊறினால்தான் ஆவி வரும். "மாட்டுன உடனே இழுத்துராதீங்க தம்பி, பத்து நிமிஷம் ஊற விடுங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

இடைவேளையே பத்து நிமிடம்தான்.

முதல் இழுப்பிலேயே தொண்டையில் கருகிய துணியின் காரம். புதுக் காயில் கருகுமா? சூடு அதிகமோ என்று குறைத்து இழுத்தேன். காற்றுத் துளையை அகலமாகத் திறந்து இழுத்தேன். குலுக்கிவிட்டு மறுபடியும் இழுத்தேன்... நான்காவது முறைக்குப் பிறகுதான் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதுவரை நான் சரிசெய்யப் பார்த்ததெல்லாம் காய்ந்த பஞ்சை எரித்ததுதான். கழிப்பறைக் காற்றாடி அந்த வாடையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கேபினுக்குப் பின்னால், இருபது அடி தள்ளி, வெல்டிங் வேலை.

"நிறுத்து! பந்த் கரோ! வயரு கருகுற வாடை வருது!"

தங்கவேலின் குரல்.

வேலை நின்றது. எல்லோரும் ஒன்றுகூடும் இடத்துக்கு நடந்தோம். வாயு மீட்டர்கள் வந்தன; கேபிள் தட்டுகளைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் தேடியும் மாஃபி, ஒன்றும் இல்லை. "கஹாங் ஹை, பாய்?", எங்கே வாடை என்று சூப்பர்வைசர் நாலு முறை கேட்டார். "வந்துச்சு சார், நெசமா வந்துச்சு" என்றான் தங்கவேல். நானும் வரிசையில்தான் நின்றேன். கணுக்காலில் அந்தக் கருவி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சோதனை போடுவார்களோ, என் வாயிலிருந்து வாடை அடிக்குமோ என்ற பயத்தில் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அறிக்கையைத் தட்டச்சு செய்தவனும் நானே. "வாடையின் மூலம் கண்டறியப்படவில்லை. தவறான எச்சரிக்கையாக இருக்கலாம்." இரண்டாவது வாக்கியத்தை எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. உங்களால் நம்ப முடிகிறதா? அதற்குக் கீழே தங்கவேலிடம் எச்சரிக்கை பெற்றதாகக் கையெழுத்து வாங்கினார்கள். நான்தான் பேனா கொடுத்தேன்.

அன்றிலிருந்து அறையில் அவன் கேலிப்பொருள். "தங்கவேலு, பருப்பு அடி புடிக்குதான்னு பாரு. சைரன் கியிரன் அடிச்சிராத!" முதலில் அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டான்.

ஒரு விடுமுறை நாள் மதியம், அறையில் நாங்கள் இருவர் மட்டும். தற்செயலாகத் திரும்பியபோதுதான் கவனித்தேன். சுவரோரம் ஐந்தாறு சார்ஜர்கள் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி பழுப்பேறி, ஓரத்தில் உருகிக்கொண்டிருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். நிமிர்ந்தபோது மேல் கட்டிலில் தங்கவேல் விழித்தபடி படுத்திருந்தான்.

"உனக்கு வாடை வரலியா?"

"வந்துச்சுண்ணே. ரொம்ப நேரமா."

"ஏன்டா சொல்லல?"

"நம்ம மூக்குக்கு அப்புடித்தான் தெரியும்னு விட்டுட்டேண்ணே."

அன்று நான் பயந்தது பெட்டிக்காக அல்ல. மறுநாள் காலையிலும் அவன்தானே தீயணைப்பானோடு நிற்கப் போகிறான்! அவன் வாயைத் திறக்காமல் விடப்போகும் ஒரு நாள்... அதன் அறிக்கையையும் நான்தான் தட்டச்சு செய்வேனா? அதை எழுத நான் மிச்சமிருப்பேனா?

சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு வேலை போகும், என்னுடையது. அது மட்டும்தான் போகும் என்றும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. வேப்பையும் விடவில்லை, இப்போது அறையில் மட்டும், பத்து நிமிடம் ஊறவைத்து.

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஆலை வாசலை நோக்கி நடந்தபோது தங்கவேல் சட்டென்று நின்றான். மூக்கை உறிஞ்சினான். கத்தவில்லை. என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, உங்களுக்கு ஏதும் கருகுற வாடை வருதா?"

மோந்து பார்த்தேன். ஆவியை இழுத்து இழுத்து என் மூக்கு மழுங்கி மாதக்கணக்காகிறது. காலைத் தேநீரின் மணம்கூடத் தெரிவதில்லை.

"இல்லையே" என்றேன்.

"அப்ப சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.