தலை தூக்கிய விளக்கு

தெருவிளக்கு ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் ஏணி. ஆளும் நெட்டை, தோளில் எப்போதும் ஏணியும் இருக்கும். புது விளக்கு மாட்டினால் அதன் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவது அவர் பழக்கம். அப்போதுதான் வெளிச்சம் தூரம் போகுமாம். போனது என்னவோ அடுத்தவர் படுக்கையறைக்குத்தான்! ஆனாலும் தெரு பகல் மாதிரி இருக்கிறதென்று நாலு பேர் சொல்லிவிட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

அப்படி ஒன்றைத் தன் வீட்டு வாசலிலேயே மாட்டினார். அன்றோடு மனைவிக்குத் தூக்கம் போச்சு. தடித்த திரை போட்டால் புழுக்கம், கண்ணில் துணி கட்டினால் தலைவலி. படுத்ததும் கட்டை மாதிரி தூங்குகிற ஏணியோ, எல்லாம் பழகிடும் என்று சொல்லிவிட்டார். தையல் கம்பெனியில் ஒரு நாள் அந்தம்மா கண் அசந்துபோக, மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா வீடு இருந்த சந்தில் விளக்கு எரிந்து ரொம்ப நாளாச்சு.

வீடு வெறிச்சோடிப் போனது. ஏணிக்கு அழுகையே வந்தது, ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சந்து விளக்கைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவு வந்ததும் உள்ளுக்குள் துள்ளினார். அங்கேயும் வெளிச்சம் வந்தால் மனைவி திரும்பித்தானே ஆகணும்? அடேயப்பா, என்ன மூளை!

காலையில் போய் ஏணியில் ஏறினார். மனைவி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இதையும் எரியவிட்டா நான் எங்கே போய்த் தூங்குறது?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அவர் அசதியாக அல்லவா கேட்டார்! ஏணி திரும்பி, விளக்கு பார்க்கிற திசையைப் பார்த்தார். நேரே ஜன்னல், உள்ளே மனைவியின் போர்வை. இத்தனை வருஷம் மேலே ஏறியவர் ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாகிவிட்டது.

விளக்கின் தலையைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். எண்ணெய் டின்னை வெட்டி ஜன்னல் பக்கம் மறைப்பு வைத்தார். தன் தெருவுக்கும் போய் அதே வேலையைச் செய்து, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டார். தெருவை இருட்டாக்கிவிட்டதாகச் சண்டைக்கு வந்த மளிகைக்கடைக்காரர், கடை வாசல் பள்ளம் இப்போது பளிச்சென்று தெரிவதைப் பார்த்து, ரோடு போட்டவர்களைத் திட்டக் கிளம்பிவிட்டார். ஏணி தப்பித்தார்.

ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்கலாம் என்று மனைவி வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் கம்பெனி லீவு. வெயில் ஏறியாச்சு. ஏணியே டீ போட்டார், பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கும் அந்தம்மா அசையவில்லை. வாசலில் யாரோ ஏணியைச் சத்தமாகக் கூப்பிட, வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடினார்.

"மெதுவா பேசுங்க. வீட்ல தூங்குறாங்க."