மழையில் தாழ்த்திய தந்தி

அந்தக் கடைத்தெருவில் அவரை எல்லாரும் அரமாமா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன அரம் குத்தியிருக்கும், அதனால். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் வேலை பார்த்த இசைக்கருவிக் கடை மனைவியின் தம்பியுடையது. மாமனாருக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் இவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நடுவில் பிறந்தவள் கடல் தாண்டிப் போனவள்தான், அப்பன் சாவுக்குக்கூட போனில்தான் அழுதாள். கடைசிப் பையன் கடையை எடுத்துக்கொண்டான். மாமனார் காலத்தில் அங்கே ரேடியோ விற்றது, பிறகு டேப் ரெக்கார்டர். பையன் காலத்தில் கீபோர்டும் கிட்டாரும் வந்தன.

அரமாமா அதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷம் கீல் தேய்த்தவர். பட்டறையை மூடியபோது வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் புது வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? மனைவி தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவனும் பெரிய மனதோடு, "மாமா சும்மா வந்து கடையில உக்காரட்டும்க்கா" என்றான். அந்தச் 'சும்மா' ஒன்பது வருஷமாக அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சும்மா இருக்கத் தெரியாத கைக்கு உகுலேலே வந்து வேலை கொடுத்தது. கிட்டார் குட்டி போட்ட மாதிரி இருக்கும், நாலே நாலு நைலான் தந்தி. கிட்டார் வாங்க வசதி இல்லாதவர்களும், வாங்கிப் பார்த்து விரல் நொந்தவர்களும் அதைத்தான் கேட்டு வந்தார்கள். மலிவு சரக்கு அட்டைப்பெட்டியில் வரும்போது அரைவேக்காடாகத்தான் வரும். தலைப்பக்கம் தந்தி உட்காரும் வெள்ளைப் பட்டையில் காடி ஆழமாக வெட்டியிருக்காது. தந்தி எட்டாத உயரத்தில் நிற்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான மெட்டுகளில் முதலாவதில் அழுத்தினால் விரலும் வலிக்கும், சுருதியும் தூக்கும். வாங்கியவர்கள் தங்களுக்குத்தான் சங்கீத ஞானம் இல்லை என்று நினைத்துக்கொண்டு அதைப் பரணில் போட்டுவிடுவார்கள்.

அரமாமா கடைக்குப் பின்னறையில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றையும் பிரித்து, அந்தக் காடியை அரத்தால் மயிரிழை மயிரிழையாக இறக்குவார். அடிப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் பாலத்தில் செருகியிருக்கும் இன்னொரு வெள்ளைப் பட்டையை உருவி, அதன் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தந்தியை இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார். கழுத்தோரம் பிதுங்கி நிற்கும் மெட்டு முனைகளை மழுக்குவார். புது நைலான் இழுக்க இழுக்க இளகும், அதனால் மூன்று தடவை சுருதி சேர்ப்பார். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதுகு பிடித்துக்கொள்ளும். கண் எரியும். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

மைத்துனனுக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, நீங்க ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள பக்கத்துத் தெருக்காரன் பெட்டியோட பத்து வித்துடறான்."

"அவன்கிட்ட வாங்கின பத்து பேரும் பரண்ல போட்டுடறாங்க, மாப்ள."

"பரண்ல போட்டா அவனுக்கு என்ன? அதான் வித்தாச்சே!"

பின்னறையில் ஸ்பீக்கர் அடுக்கினால் கல்யாண மண்டபக்காரர்கள் வாங்குவார்கள் என்பது அவன் கணக்கு. ஆறு மாதமாக அந்த மேசை மேல் அவனுக்கு ஒரு கண். அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்களும், அவர் நாத்தனாரும், நாத்தனாரின் சம்பந்தியுமாகப் பதினாலு பெண்கள் சேர்ந்து புதன்கிழமை சாயங்காலம் நூலக மாடியில் பாடுவார்கள். அவர்களுக்குப் பதினாலு உகுலேலே வேண்டும்.

"எங்க கை எல்லாம் ஊசி போட்டே தேஞ்ச கை, தம்பி. தந்தி பஞ்சு மாதிரி அமுங்கணும். பெட்டியோட குடுக்கறவன் வேண்டாம்னுதான் இங்க வந்தேன்" என்றார்.

அரமாமாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. மைத்துனன் மட்டும் நர்ஸம்மா போனபிறகு சொன்னான்: "சரி மாமா, இந்த ஆர்டர் பாப்போம். இதுல நல்ல பேர் வந்தா மேசை இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடறேன், நீங்க கவுண்ட்டருக்கு வந்துடுங்க. வருத்தப்படக் கூடாது."

அது அடைமழை மாதம். பின்னறைச் சுவர் கையை வைத்தால் ஒட்டும். பதினாலையும் அந்த ஈரத்தில் வைத்துத்தான் அரமாமா வேலை பார்த்தார். தந்தி வழக்கத்தைவிட உயரமாக நின்றது. சரக்கு மோசம் என்று நினைத்துக்கொண்டு பட்டைகளை இன்னும் தேய்த்தார், அதற்கு மேலும் தேய்த்தார். பஞ்சு மாதிரி அமுங்க வேண்டும் என்றாரே நர்ஸம்மா! பதினான்கும் முடிந்தபோது குழந்தை அழுத்தினாலும் அழுந்தும். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார். அவளும், "என் தம்பி கண்ணுக்குத் தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மழை போய் வெயில் வந்தது. வெயிலென்றால் கதவுச் சட்டம் சுருங்கித் தாழ்ப்பாள் தானாக விழுகிற வெயில். ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா மூன்று உகுலேலேயைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வந்து கவுண்ட்டரில் வைத்தார்.

"தம்பி, இது பாட்டுப் பாடலை. ரீங்காரம் பண்ணுது. பதினாலும் சேந்து வாசிச்சா தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இருக்கு. கீழே படிக்க வந்தவங்க எல்லாம் அண்ணாந்து பாக்கறாங்க."

பின்னறையில் இருந்த அரமாமாவுக்கு அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்டது. பார்க்கவே வேண்டாம், அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லிசு ஒட்டுப்பலகையானாலும் மரம் மரம்தானே! மழை ஈரத்தில் அதன் வயிறு உப்பியிருந்தது. உப்பின வயிறு பாலத்தைத் தூக்கியது, பாலம் தந்தியைத் தூக்கியது. அந்த உயரத்தைத்தான் இவர் உட்கார்ந்து தேய்த்துத் தள்ளினார். இப்போது வெயிலில் வயிறு வற்றிவிட்டது. தந்தி மெட்டின் மேலேயே படுத்துக்கொண்டு உறுமுகிறது. பெட்டியோடு விற்றிருந்தால் விரல்தான் வலித்திருக்கும், இப்படி உறுமியிருக்காது.

மைத்துனன் பேச்சில் கெட்டிக்காரன். "அம்மா, இது கம்பெனிக் கோளாறு. இந்தத் தடவை வந்த சரக்கே இப்படித்தான். பதினாலையும் குடுங்க, திருப்பி அனுப்பி வேற வரவழைக்கிறேன். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா? எங்க வயசுல ரெண்டு மாசம்னா என்னன்னு தெரியுமா, தம்பி? எங்கள்ல யார் பாக்கியிருப்போம்னு சீட்டு எழுதித்தான் போடணும்."

"என்னம்மா பண்றது, கம்பெனிக்காரன் தப்பு."

அரமாமா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தப்பு கண்காணாத தொழிற்சாலைக்குப் போகும், மேசை இங்கேயே இருக்கும். மைத்துனனே கையில் எடுத்துக் கொடுக்கிறான். உடம்பில் ஒரு அசதி வந்தது. பட்டறை மூடிய அன்றைக்கு வீட்டுக்கு நடந்துவந்தபோது வந்த அதே அசதி. இன்னொரு தடவை எழுந்து நிற்க முடியுமா என்று காலைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எழுந்து வெளியே வந்தார்.

"கம்பெனித் தப்பு இல்லம்மா. என் தப்பு. மழையில வெச்சுத் தாழ்த்திட்டேன். காஞ்சா இறங்கும்னு எனக்குத் தோணியிருக்கணும்."

மைத்துனன் திரும்பிப் பார்த்தான். நடுச்சபையில் வேட்டியை அவிழ்த்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நர்ஸம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க."

"முடியும்மா. அதுக்குப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டாம். புதன்கிழமை நானே வரேன்."

நூலக மாடியில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை கொடுத்தார்கள். கடையின் பழைய விசிட்டிங் கார்டுகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி எடுத்துப் போயிருந்தார். தந்தியைத் தளர்த்தி, பாலத்துப் பட்டையை உருவி, அதற்கடியில் ஒரு கீற்று, சிலதுக்கு இரண்டு. திரும்பச் செருகி, முறுக்கி, சுருதி சேர்த்து, உறுமுகிறதா என்று காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பதினாலு பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு பேரை விட்டதில்லை" என்றார் ஒருத்தர்.

"பண்றவரே தப்பை ஒத்துக்கறாரே, அது எந்தத் தியேட்டர்ல நடந்திருக்கு?" என்றார் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். அரமாமாவும் சிரிக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை.

எட்டாவது முடியும்போது பாதிப் பேர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுருதி ஒன்றோடொன்று சேரவில்லை, ஆனால் உறுமல் இல்லை. தந்தி முன்னைப்போலப் பஞ்சாக இல்லை, கொஞ்சம் கடினம்தான். "பரவாயில்லை, இந்த அளவுக்கு என் விரல் தாங்கும்" என்று நர்ஸம்மா சொன்னார். பதினான்காவதை முடித்து எழுந்தபோது அரமாமாவுக்கு ஒருவர் தண்ணீர் கொடுத்தார், இன்னொருவர் கேட்காமலே கையைப் பிடித்து நாடி பார்த்தார். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று அதட்டினார். அதட்டியதுகூட ஆறுதலாக இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனபோது பின்னறையில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. கூரை வரைக்கும் ஸ்பீக்கர். உப்புத்தாளும் திருப்புளியும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

"வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னேன், மாமா" என்றான் மைத்துனன். குரலில் கோபம்கூட இல்லை.

"வருத்தம் இல்லை, மாப்ள."

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி கேட்டாள். "ஒரு வாய் மூடியிருந்தா என்ன? அவனே பழியை வேற எங்கேயோ ஏத்திட்டான். நீங்க போய் இறக்கி உங்க தலையில வெச்சுக்கிட்டீங்க."

"அப்படியே விட்டிருந்தா நான் இன்னும் எத்தனை பேருக்கு மழையில தாழ்த்திக் குடுப்பேனோ?"

"இப்ப யாருக்கும் குடுக்கப் போறதில்லையே."

அவளும் ஒன்பது வருஷமாகத் தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று களைத்தவள்.

கவுண்ட்டரில் நின்று விற்றார். யார் உகுலேலே கேட்டாலும் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தார், சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஆனால் பில் போடும்போது மெதுவாக ஒன்று சொன்னார்: "ஒரு மாசம் உங்க வீட்லயே வெச்சிருங்க. உங்க வீட்டுக் காத்து அதுக்குப் பழகட்டும். அப்புறம் கொண்டு வாங்க, தந்தியைத் தாழ்த்தித் தரேன்."

"வித்த சாமானைத் திரும்பக் கொண்டுவான்னு சொல்ற கடைக்காரர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான், மாமா" என்றான் மைத்துனன். ஆனால் சொல்லாதே என்று சொல்லவில்லை.

பலர் வரவில்லை. பரணுக்குப் போனதோ, பக்கத்து வீட்டுக்குப் போனதோ தெரியாது. சிலர் வந்தார்கள். ஒரு தையற்காரர், ஒரு தபால்காரர், தாயும் மகளுமாக இருவர். வந்தவர்களின் கருவி அவர்கள் வீட்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் இறங்கி அமர்ந்திருந்தது. இனி எவ்வளவு தேய்க்கலாம் என்று கைக்குத் தெரிந்தது. கவுண்ட்டர் ஓரத்தில், கல்லாப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கை அகல இடத்தில் வைத்துத் தேய்த்தார். நாற்காலி போட அங்கே இடமில்லை. சாயங்காலம் ஆனால் கால் வீங்கும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு, தபால்காரரின் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் மெட்டின் மேலே ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம் போலிருந்தது. தேய்க்காமல் நிறுத்திக்கொண்டார்.