அண்ணன் சுரண்டிய வர்ணம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. போனவர்களின் நல்ல குணங்களை எழுதி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதுதான் இதுபோன்ற மலர்களில் வழக்கம். அண்ணனைப் பற்றி அப்படி எழுத நிறையவே இருக்கிறது. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அது போதும்.

அண்ணன் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா திடீரென்று இறந்தபோது அண்ணன் சர்வேயர் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவையும் என்னையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்து வாடகை வீட்டில் வைத்தார். இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். "எனக்குத்தேன் இங்கிலீசு வரல. நீயாச்சும் நல்லாப் படி பாப்பா" என்பார். அந்தப் படிப்பில்தான் நான் தாடிக்கொம்பில் ஆங்கில ஆசிரியை ஆனேன்.

அண்ணனின் நேர்மை ஊரறிந்தது. எங்கள் சொந்தத் தோட்டத்தை ஒருமுறை அளந்து பார்த்து, பக்கத்துக் காட்டுக்காரரின் நிலம் ஒரு முழம் நம் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று எல்லைக்கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார். "விடு தம்பி, ஒரு முழந்தானே" என்று அந்தக் காட்டுக்காரரே சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. சித்தப்பா ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை.

அப்பா விட்டுப்போனதில் ஒரு கார் உண்டு. சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் சென்னையில் புதிதாக வாங்கி, சில வருடம் ஓட்டிவிட்டு அப்பாவுக்குக் கொடுத்த வெளிநாட்டுக் கார். பால் கொஞ்சம் கூடிப்போன காப்பி நிறம். அண்ணன் ஓய்வு பெற்றதும் அதைக் கையில் எடுத்தார். கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே எண்ணம். பழைய கார் பிரியர்கள் சிலரோடு போனில் பழக்கம் ஏற்பட்டது. ஒரு திருகாணியின் தலை மாறியிருந்தால் துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறவர்கள் அவர்கள். அண்ணனும் அப்படியே ஆனார். ஆயுத பூஜைக்கு மதினி சந்தனம் குங்குமம் வைக்கப் போனால், "கம்பெனியில பொட்டு வச்சா அனுப்புனான்?" என்று தடுப்பார். மதினி அவர் பார்க்காத நேரம் டயரில் வைத்துவிட்டு வருவார்.

அண்ணன் மகன் அந்த மாடல் காருக்கான தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பஸ் ஏறிப் போய் அதை வாசித்துத் தமிழில் சொல்லுவேன். அண்ணன் நோட்டில் எழுதிக்கொள்வார். நான் சொன்னதுதான் அவருக்குப் புத்தகம்.

நிறங்கள் பற்றிய பக்கம் வந்தது. கறுப்பு, கரும்பச்சை, சாம்பல் ஆகிய மூன்றுதான் அதில் இருந்தன. காப்பி நிறம் இல்லை. காரை முதலில் வாங்கிய காப்பித் தோட்டக்காரர் பிற்பாடு அடித்த வர்ணம் என்று அண்ணன் முடிவு கட்டினார். மெக்கானிக் சவரிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், இது கம்பெனி பெயிண்ட்டு சார். கதவு உள்ளுக்க, சீட்டுக்கு அடியில பாருங்க, எல்லாம் இதே கலருதேன். எவன் போய் சீட்டுக்கு அடியில அம்புட்டு நறுவிசா அடிப்பான்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாப்பா, புத்தகத்துல இருக்கா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான். தகரம் பளபளக்கும் வரை சுரண்டினார்கள். ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூடுதலாக இருக்கிறது என்று கழற்றினார்கள். முன்விளக்கு உள்ளூர்ச் சாமான் என்று கழற்றினார்கள். எல்லாம் காயலான் கடைக்குப் போயிற்று. நாலு வருட உழைப்புக்குப் பிறகு கார் கரும்பச்சையில் நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

மதுரையில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு அதை ஓட்டிக்கொண்டு போனோம். மதினியும் நானும் பின்சீட்டில் இருந்தோம். மதிப்பெண் போட வந்தவர் எண்பது வயதைத் தொட்ட மனிதர், மிகவும் மரியாதையானவர். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்த நம்பர் தகட்டை வெகுநேரம் பார்த்தார்.

"வேலை ரொம்பச் சுத்தம் சார். ஆனா இது அங்கேருந்து முழுசா வந்த வண்டி இல்ல. பாகம் பாகமா கப்பல்ல வந்து மெட்ராஸ்ல பூட்டுனது. நம்ம ரோட்டுக்குன்னு ஸ்பிரிங்ல ஒரு தகடு சேத்து வச்சாங்க. லைட் இங்கேயே செஞ்சது. காப்பிக் கலர்லயும் கொஞ்சம் வண்டி விட்டாங்க. அந்தப் பெயிண்ட்டோட ஒரு வண்டி பாத்துடணும்னு நானும் தேடிட்டு இருக்கேன். உங்க வண்டில எங்கேயாவது மிச்சம் இருக்கா?"

"இல்லங்க" என்றார் அண்ணன். "சுத்தமாச் சொரண்டிட்டேன்."

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மதினி தாங்கமாட்டாமல் கேட்டார்: "மாமா ஓட்டுன வண்டி அப்படியே இருந்துச்சு. நீங்களே சொரண்டித் தூரப் போட்டீகளே, இனி யாருக்கு என்னத்தக் காட்டுவீக?" அண்ணன் காரை ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை.

அன்று இரவு அங்கேயே தங்கிய நான், மறுநாள் காலை அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அட்டைக்கு அடுத்து பொடி எழுத்தில் ஒரு பக்கம். வழக்கமான முன்னுரை என்று நினைத்து முதல் நாளே நான் தாண்டிப் போன பக்கம். பிற நாடுகளில் பூட்டப்படும் வண்டிகள் நிறத்திலும் சாமான்களிலும் இதிலிருந்து மாறுபடும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாணவர்களுக்கு முப்பது வருடம், ஒரு வரி விடாமல் வாசி என்று சொன்னவள் நான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேட்டார்: "ஏன் பாப்பா, புத்தகத்துல இதப் பத்தி எங்கயாச்சும் போட்டிருக்கா?"

"இல்லண்ணே" என்றேன்.

"அப்ப நாந்தேன் தப்பு. சவரி கண்ணால பாத்துச் சொன்னான். நான் கேக்கல" என்றார்.

அதன்பின் பழைய நிறத்தைத் தேடினார். கார் முழுக்கத் துழாவியும் நகக்கண் அளவுகூட அகப்படவில்லை. வீட்டில் இருந்த போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. பெயிண்ட் கடை அட்டையைக் காட்டினால் மதினி ஒன்றைத் தொட்டார், நான் வேறொன்றைத் தொட்டேன். காயலான் கடைக்குப் போட்ட ஸ்பிரிங் தகடும் என்றைக்கோ உருக்கப் போய்விட்டது. சர்க்கரை நோய் முன்பே உண்டு. சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டார். சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மதினி காப்பி ஆற்றிக் கொடுத்தபோது, டம்ளருக்குள் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் பால் ஊத்து" என்றார். ஊற்றியதும் மறுபடி பார்த்தார். குடிக்கவில்லை.

அண்ணனைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சவரிமுத்துவுக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கார் ஷெட்டில் நிற்கிறது. அண்ணன் மகன் விற்கப் பார்க்கிறான். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நிறம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மதினி, இதை நீங்களும் இந்த மலரில்தான் முதலில் படிக்கிறீர்கள். "நான் அன்னைக்கு அப்படிப் பேசாம இருந்திருந்தா மனுஷன் இருந்திருப்பாரு" என்று ஒரு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் அழுகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கேட்ட அன்று, "ஆமாண்ணே, நான்தான் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவருக்கு என் மேல் கோபம் வந்திருக்கும். கோபம் வந்த மனிதர் கத்தியிருப்பார், கத்தி முடித்துச் சாப்பிட்டிருப்பார். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இன்று பந்தியில் நான்தான் பரிமாறுவேன். அத்தனை சொந்தமும் பார்க்க, நீங்களாவது என்னைத் திட்டுங்கள்.